கைமாற்று

பலதுறை மருந்தகத்தில் என் எண் நாற்பத்தேழு.
திரையில் முப்பத்தொன்று.
நடுவில் பதினாறு பேரின் இருமல்.
முகக்கவசத்துக்குள் என் மூச்சு
எனக்கே சூடாகத் திரும்புகிறது.
இருபத்தெட்டாம் வாரம். நீ எட்டி உதைக்கிறாய்,
வரிசை உனக்கும் பிடிக்கவில்லை போல.

பக்கத்தில் உன் அப்பா.
ஈரடுக்குப் பேருந்தை நிறைய ஆளோடு
செங்காங் வளைவுகளில் திருப்பத் தெரிந்த குணாளன்,
ஊசி என்றதும் சுவரில் தொங்கும்
தீயணைப்புக் கருவியைப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.
"எனக்கும் போடணுமா?" நான்காவது முறை.
கட்டாயமில்லை.
ஒரு நாளில் எத்தனை பேர் உங்கள் பக்கம் இருமிவிட்டு
அட்டையைத் தட்டுகிறார்கள், எண்ணிப் பாருங்கள் என்றேன்.
எண்ணியிருக்க வேண்டும்.
எழுந்துபோய்ப் பதிவு செய்தார்.

என் பக்கம் மட்டும் என்ன சுத்தம்.
பாலர் பள்ளியில் காலை ஏழே முக்காலுக்கு
குட்டி உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன்.
வாயைத் திற, ஆ காட்டு. புண் இல்லை. போ.
எழுத்து சொல்லித்தருவதற்கு முன்பே அந்த ஆ.
போன மாதம் ரிஃப்கி
என் குர்தாவில் மூக்கைத் துடைத்துவிட்டுச் சிரித்தான்.
பதினொரு நாள் ஆளைக் காணோம்.
குர்தாவைக் கொதிநீரில் போட்டேன்.
அப்புறம் அழுதேன்,
நான்கு வயதுப் பிள்ளையை அருவருத்ததற்காக.

எங்கள் புளோக்கின் மின்தூக்கி வாசலில்
கொசுவுக்குச் சிவப்புப் பதாகை கட்டியிருக்கிறார்கள்.
அதற்கு எனக்கு ஊசி கிடையாது.
தொட்டித் தட்டைக் கவிழ்க்கிறேன்,
காய்ந்த தட்டை மறுபடி கவிழ்க்கிறேன்.

நாத்தனார் அனுப்பிய குரல்பதிவு
ஊசி பிள்ளைக்கு ஆகாது என்றது.
மூன்று முறை கேட்டேன், பொய் சொல்வானேன்.
இரவு மூன்று மணிக்குத் தேடித் தேடிப் படித்ததில்
ஒரு காணொளி வந்து விழுந்தது:
ஐந்து வாரக் குழந்தை. கக்குவான் இருமல்.
இருமல் என்றுகூடச் சொல்ல முடியாது,
காற்றிடம் கெஞ்சுகிற ஒரு சத்தம்.
நிறுத்தினேன்.
நிறுத்திய பிறகும் கேட்டது.

மருத்துவரிடம் ஒளிக்காமல் கேட்டேன், அவரும் ஒளிக்கவில்லை.
உனக்கான முதல் ஊசிக்கு இரண்டு மாதம் ஆக வேண்டுமாம்.
அதுவரை உன் கையில் ஒன்றுமில்லை,
என்னிடம் வாங்கி வந்ததைத் தவிர.

கைமாற்று.
மாதக் கடைசியில் இருபது வெள்ளிக்கு
நாங்கள் சொல்கிற சொல்.
பத்திரமில்லை, வட்டியில்லை.
நோய் வராமலே நோயை அடையாளம் கண்டுகொண்ட ரத்தம்
தொப்புள்கொடி வழியாக
உனக்கு எண்ணிக் கொடுக்கும்.
சில மாதத்தில் அது உனக்குள்ளேயே கரைந்துபோகும்.
திருப்பித் தர வேண்டாம்.
அதற்குள் உன் தொடையில் உன் ஊசி,
உன் அழுகை,
உன் சம்பாத்தியம்.

நாற்பத்தேழு.

மிஸ்ஸி ரோஸ்னா என் கையைத் தொடவில்லை முதலில்.
எந்தப் பக்கம் படுப்பாய் என்று கேட்டார்.
இடப்பக்கம்.
அப்படியானால் வலது கை.
இவ்வளவு நேரமாக என்னிடம் யாரும் கேட்காத கேள்வி.
குத்தியது தெரியவில்லை. அழுத்தியது தெரிந்தது.

பிறகு உன் அப்பா.
கண்ணை இறுக மூடிக்கொண்டு தடவித் தடவி
என் கையைப் பிடித்தார்,
சரியாக ஊசி போட்ட இடத்தில்.
நான் போட்ட கத்தலில்
அவருக்குப் போட்டு முடித்ததே அவருக்குத் தெரியவில்லை.

இன்றிரவு இருவருக்கும் வலது தோள் கனக்கிறது.
இருவரும் இடப்பக்கம்,
பேருந்து இருக்கைகள் மாதிரி முன்னும் பின்னுமாக,
ஒரே திசை பார்த்து.
உள்ளே நீ மட்டும் உன் இஷ்டப்படி.

நாளை ரிஃப்கி வருகிறானாம்.
ஆ காட்டச் சொல்ல வேண்டும்.
புண் இல்லையென்றால்
குர்தாவை அவன் பக்கமாகக் கொஞ்சம் நீட்டலாம்.